மூக்கம்மாள் நிற்கும் இடம்

கொட்டைக்கரந்தையை ஆடுகூட சீந்தாது. தையில் எங்கள் திருச்சுழிப் பக்கத்துக் கண்மாய்களில் தண்ணீர் வற்ற வற்ற, வெடித்த கரம்பை மண்ணில் அது மட்டும் ஊதா உருண்டைகளாகப் பூத்துக் கிடக்கும்.

நூறு நாள் வேலைக்குக் கண்மாயைச் சுத்தம் செய்யப் போயிருந்தோம். வேலை நடந்ததற்குச் சாட்சியாகத் தினமும் படம் எடுத்து அனுப்ப வேண்டிய பொறுப்பாளர் சுகந்தி, "போட்டோவுல செடியே தெரியக்கூடாது, எல்லாத்தையும் வெட்டுங்க" என்றாள். அதுவரை சீமைக்கருவேலங்கன்றுகளை வேரோடு தோண்டி எறிந்த மூக்கம்மாள் சித்தி, கரந்தைக்கு முன்னால் வந்ததும் மண்வெட்டியை ஊன்றிவிட்டாள். ஓடுகிற பஸ்ஸையே நடுரோட்டில் மறித்து ஏறுகிறவள் அவள்.

"இதுல கை வைக்க மாட்டேன் தாயி. தண்ணி நின்ன எடத்துலதான் இது மொளைக்கும். இதையும் வழிச்சுட்டா, இந்த வருசம் கண்மாயில தண்ணி கெடந்துச்சுன்னு சொன்னா எவன் நம்புவான்?"

"அப்ப போட்டோவுக்கு நான் என்ன செய்ய?"

சித்தி யோசிக்கவே இல்லை. சேலையை உதறிக் கட்டிக்கொண்டு பூவை மறைத்து நின்றாள். எங்களையும் அதட்டிப் பக்கத்தில் நிறுத்தினாள். "இப்ப எடு."

அன்றிலிருந்து எல்லாப் படத்திலும் நாங்கள் அங்கேதான் நிற்கிறோம். படத்தைப் பார்க்கிறவர்களுக்கு எங்கள் கண்மாயில் ஒரு செடியும் கிடையாது. பூவைப் பார்க்க வேண்டுமென்றால் மூக்கம்மாள் நகர வேண்டும். அவளை நகர்த்த இந்த ஊரில் ஆள் இல்லை.