ஓஸ்லோவில் வழி தவறியவர்

என் மகள் நார்வேயில் ஓஸ்லோவிலிருந்து போன் செய்தபோது நான் தறிக்கொட்டகையில் இருந்தேன். எல்லாத் தறிகளும் ஓடிக்கொண்டிருந்ததால் அவள் சொன்னது காதில் விழவில்லை. தெருவுக்கு வந்து, "இப்ப சொல்லும்மா" என்றேன்.

"மாமா போயிட்டாரு நைனா. தூக்கத்துலயே போயிருக்காரு. அத்தை இப்பதான் சொன்னாங்க."

அவள் மாமா என்றது தன் மாமனாரை. என் சம்பந்தி வரதராஜுலுவை. "மாப்பிள்ளையைப் பாத்துக்கோ. டிக்கெட்டு கிடைச்சதும் கிளம்பி வாங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் அறுந்திருந்த இழையை முடிந்தேன். நகரியிலிருந்து திருப்பதிக்குப் பஸ்ஸில் போகும்போதும் என் கண்ணில் தண்ணீர் வரவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

பதினாறாம் நாள் வருகிறவர்களுக்குக் கொடுக்க ஒரு சிறு மலர் அச்சடிக்கிறோம், நீங்களும் எழுத வேண்டும் என்று மாப்பிள்ளை கேட்டார். "நல்லதா ரெண்டு வார்த்தை எழுதுங்க மாமா" என்றார். சித்தூரில் அவரோடு ரெவின்யூ வேலை பார்த்தவர்கள், திருப்பதியில் அவர் தெருக்காரர்கள், உறவுக்காரர்கள் எல்லோரும் இதைப் படிப்பீர்கள். கம்பீரமானவர், எடுத்த காரியத்தை முடிப்பவர் என்று நீங்கள் எழுதியிருப்பீர்கள். பொய் இல்லை. அந்தக் கம்பீரம் யார் தலைமேல் நின்றது என்பதைத்தான் நான் எழுத முடியும்.

கல்யாணத்தன்று முதல் பந்தியில் என் அக்கா உட்கார்ந்திருந்தாள். முழங்கால் வலிக்காரி. இலையில் சாதம் விழுந்துவிட்டது. இவர் வந்து அவள் எதிரில் நின்று, "அம்மா, நீங்க அடுத்த பந்தியில துன்னுக்கலாம். எங்க ஆபீசருங்க நின்னுக்கினு இருக்காங்க" என்றார். அவள் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். நான் மூன்று இலை தள்ளி நின்றிருந்தேன். மகளின் கழுத்தில் அப்போதுதான் தாலி ஏறியிருந்தது, அதனால் பேசவில்லை. அக்கா அன்று அங்கே சாப்பிடாமலே ஊர் திரும்பினாள். "உங்க அக்கா நல்லா சாப்பிட்டாங்களா?" என்று அவரே சாயங்காலம் என்னைக் கேட்டார்.

பேத்திக்கு ஒரு வயது ஆகும் சமயம் நாங்கள் நாலு பேரும் ஓஸ்லோவுக்குப் போயிருந்தோம். அவரும் அவர் மனைவியும், நானும் என் மனைவியும். பிள்ளைகள் குடியிருந்தது சின்ன வீடு. பெண்கள் குழந்தையோடு வீட்டில் இருப்பார்கள். எங்கள் இருவரையும், "ஊரைச் சுத்திப் பாத்துட்டு வாங்க" என்று காலையில் வெளியே அனுப்பிவிடுவார்கள். ரயில் நிலையத்திலிருந்து ராஜாவின் அரண்மனை வரை கார்ல் யோஹான் தெரு என்று நேராக ஒரு பெரிய தெரு இருக்கிறது. தினமும் அதில்தான் நடப்போம். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நாலடி முன்னால் போவார். நான் பின்னால் போவேன். நான் வேகமாக நடந்தால் அவரும் வேகம் கூட்டுவார்.

எங்கே நின்றாலும் படம் எடுக்கச் சொல்வார். நிலையத்துக்கு வெளியே இருக்கும் வெண்கலப் புலியோடு ஒன்று, பழைய மாதா கோயில் கோபுரத்தோடு ஒன்று, பார்லிமென்டு வாசலில் கல் சிங்கத்தோடு ஒன்று. "தலை வெட்டாம எடுங்க சம்மந்தி" என்பார். நான் ஒரு தடவை என் போனை நீட்டினேன். "எனக்கு இதெல்லாம் பழக்கம் இல்ல" என்று நடந்துவிட்டார். அவர் வீட்டு வாசலில் கட்டியிருக்கிற பேனரைப் பார்த்திருப்பீர்கள். வெள்ளைச் சட்டையோடு ஒரு பெரிய மாளிகைக்கு முன்னால் நிற்கிறாரே, அது நான் எடுத்த படம்.

அந்தப் படம் எடுத்த அன்றுதான் விஷயம் முற்றியது. தெருவின் முடிவில் ஒரு மேடு. அதன்மேல் அரண்மனை, முன்னால் குதிரைமேல் ஒரு ராஜா சிலை. சுற்றிலும் சுவர் கிடையாது. தள்ளுவண்டியில் குழந்தையை வைத்துக்கொண்டு பெண்கள் வாசல் வரைக்கும் போய்த் திரும்புகிறார்கள். இவருக்கு அது பிடிக்கவே இல்லை. "காம்பவுண்டு இல்ல, கேட்டு இல்ல. பயம் இல்லாத எடத்துல மரியாதை எங்கிருந்து வரும்?" என்றார். பிறகு அதே குரலில், "பாப்பாவ திருப்பதிக்குத் தூக்கிக்கினு போயிடறேன். மூணு வருசம் எங்ககிட்ட வளரட்டும்" என்றார்.

என் மகளுக்கு ஆஸ்பத்திரி லேபில் வேலை. லீவு முடிய இருந்தது. குழந்தையை அங்கேயே பகல்நேரக் காப்பகத்தில் விடுவதென்று எழுதிக் கொடுத்திருந்தாள்.

"எம் பொண்ணைக் கேட்டீங்களா?" என்றேன்.

"கேக்கறதுக்கு என்ன இருக்குது? ஒரு வயசுப் புள்ளைய அங்கன்வாடியில வுட்டுட்டு இவ ரத்தம் டெஸ்டு பண்ணப் போறாளாம். பையன்கிட்ட டிக்கெட்டு போடச் சொல்லிட்டேன். அவன் அவகிட்ட சொல்ல பயப்படறான். நீங்க சொல்லிடுங்க. நீங்க சொன்னா கேட்டுக்கும்."

"சொல்லமாட்டேன். அவ என்னைக் கேட்டா, குடுக்காதன்னுதான் சொல்வேன்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "தறி ஓட்றவங்க வூட்ல பொண்ணு எடுக்காதன்னு எல்லாரும் சொன்னாங்க. நான்தான் கேக்கல" என்று சொல்லிவிட்டுத் தனியாக இறங்கி நடந்தார்.

போகட்டும் என்று நின்றேன். அவர் போனில் அந்த ஊர் சிம் கிடையாது, வீட்டு முகவரியும் தெரியாது. அவர் தொலைந்தால் பதில் சொல்ல வேண்டியவள் என் மகள். அதனால் பின்னாலேயே போனேன். நாடகசாலையைத் தாண்டினார். பார்லிமென்டுக்குப் பக்கத்தில் நேரே போகவேண்டியவர் வலதுபக்கம் திரும்பினார். நான் கூப்பிடவில்லை. கடலை ஒட்டி ஒரு பழைய கோட்டை இருக்கிறது. அதன் ஏற்றத்தில் மூச்சு வாங்க ஏறி, பீரங்கிகளுக்குப் பக்கத்தில் நின்று நாலு திசையும் பார்த்தார். ஒரு பெண்ணை நிறுத்தி வழி கேட்டார், அவள் கை காட்டியதற்கு நேர் எதிராக நடந்தார். மறுபடி அதே பீரங்கிக்கு வந்து சேர்ந்தார். கோட்டைச் சுவரில் கையூன்றிக்கொண்டு குனிந்து நின்றார். அப்போதுதான் என்னைப் பார்த்தார். நெடுநேரம் நான் இருந்த பக்கமே வரவில்லை. கடைசியில் வந்து, என் முகத்தைப் பார்க்காமல், "வூட்டுக்குப் போலாமா" என்றார். அன்று ஒரு நாள் நான் முன்னால் நடந்தேன்.

வீட்டு வாசல் வந்ததும் என்னைத் தாண்டிப் போய் அவரே மணியை அழுத்தினார். கதவைத் திறந்த என் மகளிடம், "உங்க நைனா வழி தெரியாம கோட்டைப் பக்கம் பூட்டாரும்மா. நான்தான் தேடிப் புடிச்சி கூட்டிக்கினு வந்தேன்" என்றார்.

நான் குனிந்து செருப்பைக் கழற்றினேன். "ஏன் நைனா, எனக்குப் போன் பண்ணக்கூடாதா?" என்று அவள் என்னைக் கடிந்துகொண்டாள்.

சாப்பிட உட்கார்ந்ததும் மாப்பிள்ளை தயங்கித் தயங்கித் தன் அப்பாவிடம், "நைனா, அந்த டிக்கெட்டு..." என்று தொடங்கினார்.

"எந்த டிக்கெட்டு?" என்றாள் என் மகள்.

வரதராஜுலு என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன், கண்ணை எடுக்கவில்லை. "ஒண்ணும் இல்லம்மா. பாப்பாவும் நீங்களும் லீவுல ஒரு தடவ ஊருக்கு வாங்க, அதுக்குத்தான் கேட்டேன்" என்று சொல்லிவிட்டு அவர் சாதத்தைப் பிசைந்தார். நான் மோர் கேட்டு வாங்கி ஊற்றிக்கொண்டேன். அவர் மனம் மாறினார் என்று யாரும் எண்ண வேண்டாம். தொலைந்தது யார் என்று நான் வாயைத் திறந்தால் மருமகள் முன்னால் என்ன ஆகும் என்று பயந்தார், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு அந்தக் கதையை அவர் எத்தனை இடங்களில் சொன்னார் என்று உங்களுக்கே தெரியும். கிரகப்பிரவேசம், காதுகுத்து, யாருடைய கல்யாணம் ஆனாலும், "எங்க சம்மந்தி ஓஸ்லோல தொலைஞ்சி பூட்டாரு" என்று ஆரம்பித்துவிடுவார். முதலில் நான் பேந்தப் பேந்த விழித்ததாகச் சொன்னார். பிறகு அழுததாகச் சேர்த்துக்கொண்டார். தெலுங்கில் சொல்லும்போது அழுகை இன்னும் அதிகம். நீங்கள் எல்லோரும் சிரித்தீர்கள். நான் இலையைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். மறுத்துப் பேசினால் குழந்தையைத் திருப்பதிக்குக் கொண்டுபோகும் பேச்சை அவர் மறுபடி எடுப்பார் என்ற பயம் எனக்கு. இப்போது பேத்தி அங்கே பள்ளிக்கூடம் போகிறாள், தன் அம்மாவோடு இருக்கிறாள்.

இதை எழுதி என் மனைவிக்குப் படித்துக் காட்டினேன். "செத்தவரப் பத்தி இப்படியா எழுதுவாங்க?" என்றாள். "இருந்தப்ப எழுத முடிஞ்சுதா?" என்றேன். அவள் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். மாப்பிள்ளை இதை அச்சில் சேர்ப்பாரா என்று தெரியாது. சேர்க்காவிட்டால் அவர்மேல் வருத்தப்படமாட்டேன்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது என் கோபம் ஒன்றுதான். பேத்தி கொஞ்சம் வளர்ந்ததும், அவர் முகத்துக்கு நேராக, பத்து பேர் நடுவில், "தொலைஞ்சது நீங்கதான்" என்று சொல்ல வேண்டும் என்று இருந்தேன். அதைச் சொல்லும்போது அவர் முகம் எப்படிப் போகும் என்று பல நாள் நினைத்துப் பார்த்திருக்கிறேன். மாலை போடக் குனிந்தபோது அந்த முகம் கண்ணை மூடிக்கொண்டிருந்தது. இனி யாரிடம் சொல்வேன்?