வெள்ளை மாத்திரையின் தித்திப்பு

ஐம்பதுகளின் நடுவில் நான் கும்மிடிப்பூண்டியில் ஆரம்பப் பள்ளி ஆசிரியராக இருந்தேன். வயது இருபத்தெட்டு. அதற்குள் சர்க்கரை நோய் வந்து, தினமும் காலையில் இன்சுலின் ஊசி. காபியில் சர்க்கரை கிடையாது. விசேஷ வீட்டில் பாயசம் வருகிறதென்றால் இலையை மூடிவிட்டு எழுந்துவிடுவேன். அப்படியும் சிறுநீரை நீல மருந்தோடு குழாயில் காய்ச்சினால், சர்க்கரை நிறைய இருப்பதற்கு அடையாளமான செங்கல் நிறம்தான் வரும். டாக்டர் ஊசியின் அளவை இரண்டு முறை கூட்டிவிட்டார்.

எனக்கு நெஞ்செரிச்சலும் உண்டு. அதற்குக் கடைத்தெருவில் யார் கேட்டாலும் தருகிற ஒரு வெள்ளை மாத்திரை. வாயில் போட்டால் ஜில்லென்று புதினா வாசனையோடு கரையும். பாடம் நடத்தும்போதும் கன்னத்தில் ஒன்று ஒதுங்கியிருக்கும். ஒரு நாளைக்கு இருபதுக்குக் குறையாது. மருந்துதானே என்று டாக்டரிடம் அதைச் சொல்லவே இல்லை.

ஒரு மார்கழியில் அந்த மாத்திரை எங்கள் ஊர்க் கடையில் தீர்ந்துபோனது. இரண்டு நாள் வாய் நமநமவென்றிருந்தது. மூன்றாம் நாள் காலை வழக்கம்போல் ஊசி போட்டுக்கொண்டு, எரிச்சலுக்குப் பயந்து ஒரே ஒரு இட்லி தின்றுவிட்டுப் பட்டணத்துக்கு ரயில் ஏறினேன்.

கவரைப்பேட்டை தாண்டியதும் வெளியே இருந்த பனி பெட்டிக்குள் வந்துவிட்டதுபோல் இருந்தது. வயல்கள் தண்ணீராகி அலையடித்தன. பனைமரங்கள் வேரைத் தூக்கிக்கொண்டு மெதுவாக என் கூடவே நடந்தன. நான் ஓடத்தில் போய்க்கொண்டிருந்தேன். பயமே இல்லை. எல்லோரையும் பார்த்துச் சிரித்தேனாம்; சட்டை வியர்வையில் நனைந்திருந்ததாம். எழுந்து நின்று பக்கத்துக்காரர் மடியிலேயே சாய்ந்தேனாம்.

"ஸ்கூல் வாத்தியாரு பா இவரு. விடிஞ்சதும் ஊத்திக்கினு வந்துகீறாரு," என்றார் அவர். "மீஞ்சூர்ல எறக்கிப் போலீஸ்ல குடுத்துடலாம்."

மதுவிலக்குக் காலம் அது. குடித்த ஆசிரியர் என்று பிடித்துக் கொடுத்தால் என் வேலை அன்றோடு சரி. அந்தப் பேச்சோ எனக்குத் தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல் இனிமையாகக் கேட்டது.

பழவேற்காட்டிலிருந்து வந்து பொன்னேரியில் ஏறியிருந்த ஒரு முஸ்லிம் அம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு என் முகத்தருகே குனிந்தார்.

"சாராய நாத்தமே இல்லியே. எங்க ஊட்டுக்காரருக்கும் இப்படித்தான் வரும். தம்பி, சக்கரைக்கு ஊசி போட்டுக்குறியா?"

தலையாட்டினேன். அவர் தன் மூட்டையிலிருந்த வெல்லத்தை உடைத்து, டம்ளர் தண்ணீரில் கரைத்து, என் வாயருகே கொண்டுவந்தார். நான் அந்தக் கையைத் தட்டிவிட்டேன். அவ்வளவும் அவர் சேலையில் கொட்டியது.

"எனக்கு இனிப்பு ஆகாது," என்றேன், வகுப்பில் அதட்டுகிற குரலில்.

"இன்னிக்கு ஆவும். குடி," என்று அவர் மறுபடி கரைத்தார். ஒரு கையால் என் தாடையைப் பிடித்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தார்.

மீஞ்சூர் வந்தபோது பனைமரங்கள் தங்கள் இடத்துக்குத் திரும்பிப்போய் நின்றுகொண்டன. வயல்கள் வயல்களாயின. போலீஸ் என்றவர் மேல்துண்டால் எனக்கு விசிறிக்கொண்டிருந்தார். எனக்கு நா எழுவதற்குள் அந்த அம்மாள், "மொதல்ல டாக்டராண்ட போய்ச் சொல்லு," என்றபடி இறங்கிவிட்டார்.

அன்றே பட்டணத்தில் இருந்த என் டாக்டரிடம் போனேன். சமீபத்தில் எதை நிறுத்தினாய் என்று துருவித் துருவிக் கேட்டார். வேறு எதுவும் தோன்றாமல் மாத்திரையைச் சொன்னேன். ஆள் அனுப்பி ஒன்று வாங்கிவரச் செய்து, தன் நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"பாதி மிட்டாய்யா இது! இந்தச் சர்க்கரைக்கும் சேர்த்துத்தான் ஊசியைக் கூட்டிக்கொண்டே வந்திருக்கிறேன். நீ மாத்திரையை நிறுத்தினாய், ஊசியை யார் குறைப்பது? அதான் சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிட்டது."

ஊசி குறைந்தது. சில வாரங்களில் குழாயில் நீலம் நீலமாகவே நின்றது. நினைவு தெளிந்ததும் அந்த அம்மாளிடம் ஒரு மன்னிப்புக்கூட நான் கேட்கவில்லை. நனைந்த சேலையோடு அவர் இரண்டாவது முறை வெல்லம் கரைத்ததை நினைக்கும்போதெல்லாம், நீட்டிய கையைத் தட்டிவிடுகிறவனுக்குத்தான் அந்தக் கை அதிகம் தேவைப்படுகிறது என்று தோன்றுகிறது.