ஒரு சாணும் நாலு விரலும்

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது எங்களிடம் நாலு கோழிகள் இருந்தன. ரொறன்ரோவில், பார்க்டேல் பக்கம், ஸ்ட்ரீட்கார் ஓடும் சத்தம் கேட்கும் ஒரு வீட்டின் பின்வளவில். இப்போது யாரிடம் சொன்னாலும் நம்பமாட்டார்கள். நகரத்துக்குள் கோழி வளர்க்கக் கூடாது என்று அப்போதும் சட்டம் இருந்தது. அப்பாவுக்கு அது தெரியாது. மேல்மாடியில் இருந்த வீட்டுக்காரருக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அவர் போர்த்துக்கலில் ஏதோ ஒரு கிராமத்தில் பிறந்தவர். கோழி இல்லாத வளவை அவர் ஒரு வளவாகவே மதிப்பதில்லை.

விட்பி நகரத்துக்கும் அப்பால் ஒரு பண்ணையிலிருந்து, வாழைப்பழம் வந்த அட்டைப்பெட்டி ஒன்றில் வைத்து அப்பா அவற்றைக் கொண்டு வந்தார். கராஜுக்குப் பின்னால் வீட்டுக்காரரே கம்பிவலை அடித்துக் கொடுத்தார். அவர் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று. கோழி வேலிக்கு அந்தப் பக்கம் போகக் கூடாது. பக்கத்து வீட்டு மனிதர் தன் புல்லைத் தலைமயிர் போலச் சீவி வைத்திருப்பவர். அங்கே ஒரு கோழி கால் வைத்தால் நகரசபைக்குப் போன் போகும், கோழிகளும் போகும்.

பனிக்காலம் முழுக்கக் கோழிகள் கராஜுக்குள் நல்ல பிள்ளைகளாக இருந்தன. ஏப்ரலில் நிலம் இளகியது. அன்றிலிருந்து அவை முட்டை இட்டதைவிடக் கிடங்கு கிண்டியதுதான் அதிகம். அதிலும் வேலியோரமாகவே கிண்டின. அப்பா தொழிற்சாலையால் வந்து, உடுப்பு மாற்றாமலே போய்க் கிடங்குகளை மூடுவார். அடுத்த நாள் மூடிய இடத்தில் ஒன்றும் பக்கத்தில் ஒன்றும் இருக்கும். செங்கல் வைத்தார். செங்கலுக்கு அருகே கிண்டின. நிலத்தில் வலை விரித்தார். சிவப்புக் கோழியின் நகம் அதில் மாட்டி நான் அழுது ஊரைக் கூட்டியதில் வலை திரும்பப் போனது. தண்ணீர் ஊற்றினார். அது சேறானது, அப்பாவின் சப்பாத்தும் சேறானது. வீட்டுக்காரர் மேலே பல்கனியில் நின்று சிரித்தார்.

"உதுகள் என்னத்தையப்பா தேடுதுகள்?" என்று அம்மா ஒருநாள் கேட்டார். எனக்கும் அதேதான் கேள்வி. புழுவுக்கு என்றால் ஏன் இவ்வளவு ஆழம்? கிண்டி முடித்த பிறகு ஏன் அதற்குள்ளேயே படுத்து, மண்ணை முதுகில் அள்ளிப் போட்டு, கண்ணைச் செருகிக்கொண்டு கிடக்கின்றன? பள்ளிக்கூடத்தால் வந்ததும் வலைக்கு வெளியே குந்தியிருந்து பார்ப்பேன்.

அந்த வருடம் மார்ச்சில்தான் பெரியம்மா வந்தார். அம்மாவின் அக்கா. யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு, கொழும்பிலிருந்து எங்கள் வீடு. அதிகம் பேசமாட்டார். ஹீட்டருக்குப் பக்கத்தில் கோட்டைக் கழற்றாமல் இருப்பார். சில நேரம் என்னைக் கிட்டக் கூப்பிட்டு, நாடியைப் பிடித்து, முகத்தை யன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பிப் பக்கவாட்டில் பார்ப்பார். "கழுவிட்டன் பெரியம்மா" என்பேன். விட்டுவிடுவார்.

அவருக்கு ஒரு மகன் இருந்ததும், அந்த அண்ணா இயக்கத்துக்குப் போய்ச் செத்துப்போனதும் எனக்குத் தெரியும். அதாவது, அந்த வசனம் எனக்குத் தெரியும். அந்த அண்ணா எப்படி இருப்பார் என்று கேட்க வேண்டுமென்று எனக்குத் தோன்றியதே இல்லை.

கோழிகள் கிண்டத் தொடங்கியதும்தான் பெரியம்மா முதன்முதலாகப் பின்வளவுக்கு வந்தார். வலைக்குள் போய், புதுக் கிடங்கு ஒன்றின் முன் குந்தி, கையை உள்ளே விட்டார். பெருவிரலையும் சின்னவிரலையும் விரித்து அளந்தார். "ஒரு சாண் வராது" என்றார். பிறகு இன்னொரு கிடங்கு. "இதுவும் வராது." அன்று இரவுச் சாப்பாட்டில் இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கினார். அம்மா அப்பாவைப் பார்த்தார், அப்பா அம்மாவைப் பார்த்தார்.

அதற்குப் பிறகு தினமும் அளவைதான். அப்பா வந்து மூடுவதற்கு முன் பெரியம்மா அளந்து முடித்துவிடுவார். நான் என் முப்பது சென்ரிமீற்றர் அடிமட்டத்தைக் கொண்டுபோய்ச் சரிபார்ப்பேன். பெரியம்மாவின் சாண் சரியாக இருபது சென்ரிமீற்றர். எந்தக் கிடங்கும் அதைத் தாண்டவில்லை.

"பிள்ளை, மண் இன்னும் பொசுபொசுப்பா இருந்தா இன்னும் கீழ போகுமோ?" என்று ஒருநாள் கேட்டார்.

"தெரியாது, பெரியம்மா."

"வருசக் கணக்கில ஒருத்தரும் மூடாமல் விட்டா?"

இப்படிக் கேள்வி கேட்கும் பெரியவர் ஒருவரை நான் அதுவரை சந்தித்ததில்லை. என்னைப் போலவே கோழிகளில் ஆர்வமுள்ளவர் என்று மிகவும் சந்தோஷப்பட்டேன்.

எனக்கு அப்போது தெரியாத ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆமி வருகிறது என்று யாழ்ப்பாணச் சனம் முழுவதும் மழைக்குள் வெளிக்கிட்ட அன்று, பெரியம்மா ஒரு ஹோர்லிக்ஸ் போத்தலை மெழுகு ஊற்றி மூடித் தன் வளவில் புதைத்துவிட்டு வந்திருந்தார். புதைத்த இடம் கோழிக்கூட்டடி. அவர் நன்றாக யோசித்துத்தான் செய்தார். வேறெங்கே கிண்டினாலும் புது மண் காட்டிக்கொடுத்துவிடும். கோழிக்கூட்டடியில் எப்போதும் மண் கிண்டிக் கிடக்கும், யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். கூட்டைத் திறந்து கோழிகளையும் விட்டுவிட்டு நடந்தார். பாதி வழியில்தான் அவருக்கு உறைத்திருக்கிறது, அந்தக் கோழிகள் பழகிய இடத்துக்குத்தானே திரும்பி வரும் என்று. அவசரத்தில் போத்தலுக்கு மேல் வந்த மண் ஒரு சாணும் நாலு விரலும்தான்.

போத்தலுக்குள் நகை என்று அம்மாவும் அப்பாவும் நினைத்திருந்தார்கள். "போனாப் போகட்டும் அக்கா" என்று அப்பா ஆறுதல் சொல்வாராம். பெரியம்மா அடுத்த நாளும் அளக்கப் போவார். ஆக, எங்கள் பின்வளவில் தினமும் அளக்கப்பட்டது எங்கள் கிடங்குகள் அல்ல. ஒரு சாணோடு கோழிகள் நின்றுவிட்ட ஒவ்வொரு நாளும், அங்கே அந்தப் போத்தல் இன்னும் மண்ணுக்குள் இருக்கிறது என்று அவர் நம்பிக்கொண்டார்.

பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானக் கண்காட்சி வந்தது. "கோழிகள் எவ்வளவு ஆழம் கிண்டும்?" என்பதுதான் என் ஆராய்ச்சி. ரீச்சருக்கு மிகவும் பிடித்துவிட்டது. இரண்டு கிழமைக் கணக்கை வரைபடமாகக் கீறச் சொன்னார். கீறினேன். பதினெட்டு, பத்தொன்பது, பதினெட்டு, இருபது. கோடு படுத்துக் கிடந்தது. பக்கத்து மேசைப் பையன் எரிமலை செய்துகொண்டிருந்தான், அது பொங்கி வழிந்தது. என் கோழிகள் என்னைக் கைவிட்டுவிட்டதாகத் தோன்றியது.

கண்காட்சிக்கு முந்தின சனிக்கிழமை, அம்மாவும் அப்பாவும் யாரோ ஒருவரின் காரில் றிச்மண்ட் ஹில் கோயிலுக்குப் போனார்கள். பெரியம்மா மதியம் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்திருந்தார். நான் சோறு போடும் பெரிய கரண்டியை எடுத்துக்கொண்டு வலைக்குள் போனேன். வேலியோரமாக இருந்த கிடங்கைத் தெரிவு செய்தேன், ஏனென்றால் அது ஏற்கெனவே பாதி வேலை முடிந்த கிடங்கு. கோழிகள் சுற்றி நின்று மிகுந்த ஆர்வத்தோடு பார்த்தன. நான் வெளியே போட்ட மண்ணில் புழு பொறுக்கின. ஒரு மணித்தியாலத்தில் கை முழங்கை வரை போனது. அடிமட்டம் உள்ளே போய்க் காணாமல் போனது. கரண்டி வளைந்துவிட்டது, அதைக் கராஜுக்குள் ஒளித்தேன்.

ஏன் செய்தேன் என்று கேட்டால், பாதி அந்த வரைபடத்துக்காக. மற்றப் பாதி, சத்தியமாக, பெரியம்மாவுக்காக. ஒரு சாண் வராததற்கே இரண்டாம் முறை சோறு சாப்பிடுகிறவர், ஒரு முழம் வந்தால் எவ்வளவு சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். ஓடிப்போய் எழுப்பினேன். "பெரியம்மா, வந்து பாருங்கோ, எக்கச்சக்க ஆழம்!"

அவர் வந்து குந்தினார். கையை விட்டார். சாண் அளக்க விரலை விரித்தவர், விரித்தபடியே இன்னும் கீழே விட்டார். சேலைக் கரை மண்ணில் பட்டது. முழங்கை வரை போன பிறகு கையை எடுக்கவே இல்லை.

"இது கோழி கிண்டினதோ?"

"ஓம்."

"நீ கண்டனியோ, பிள்ளை?"

"ஓம், சிவப்புக் கோழி."

அந்த நேரம் பார்த்து வீட்டுக்காரர் தக்காளிக் கன்றுகளோடு வந்தார். கிடங்கைப் பார்த்தார், தலையை ஆட்டினார், தன் போர்த்துக்கீச ஆங்கிலத்தில் விளக்கம் சொல்லத் தொடங்கினார். இது கோழி வேலையே இல்லை என்றார். கோழி எதையும் தேடிக் கிண்டுவதில்லை, அது மண்ணில் குளிக்கிறது. வயிறு பதியும் அளவுக்குக் கிண்டியதும் படுத்துவிடும், நூறு வருடம் விட்டாலும் அதற்குக் கீழே போகாது. இது கை உள்ள ஏதோ ஒன்றின் வேலை, ரக்கூனாக இருக்கலாம் என்றார். பிறகு என் நகங்களைப் பார்த்தார்.

பெரியம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. "என்னவாம் சொல்றார்?" என்று என்னைக் கேட்டார். வீட்டில் யாருக்கு எது விளங்காவிட்டாலும் நான்தான் மொழிபெயர்ப்பு. டொக்ரர், வங்கி, ரெலிபோன் பில், எல்லாம் என் வாயால்தான் தமிழாகும்.

"இன்னும் ஆழமாக் கிண்டுமாம்" என்றேன். "விட்டா எவ்வளவுக்கும் போகுமாம்."

பெரியம்மா வீட்டுக்காரரைப் பார்த்து மரியாதையாகத் தலையசைத்தார். எழும்பும்போது வேலித் தூணைப் பிடித்துக்கொண்டார். அன்று இரவு சாப்பிடவில்லை. வயிறு சரியில்லை என்றார். சாப்பாட்டு மேசையில் அப்பாவிடம், "விடுங்கோ தம்பி, அது போயிட்டுது" என்று மட்டும் சொன்னார். கோழியைப் பற்றித்தான் சொல்கிறார் என்று நினைத்தேன்.

கோழி மண்ணில் குளிக்கும் என்பதைப் பிறகு அப்பாவும் வீட்டுக்காரரிடம் கேட்டறிந்து, பழைய கார் ரயர் ஒன்றில் மணலும் சாம்பலும் நிரப்பி வலைக்கு நடுவில் வைத்தார். கோழிகள் அதற்குள் ஏறிக் குளித்தன. வேலியோரம் பிறகு கிண்டவே இல்லை. அத்தனை நாள் சண்டை ஒரு ரயரோடு முடிந்தது. வளைந்த கரண்டியை அம்மா கண்டெடுத்து அப்பாவைத் திட்டினார். கண்காட்சியில் எனக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது. வரைபடத்தின் கடைசியில் கோடு சடாரென்று ஏறியதை எல்லோரும் நின்று பார்த்தார்கள்.

பெரியம்மா பிறகு பின்வளவுக்கு வரவில்லை. ஆனால் என் நாடியைப் பிடிப்பது கூடிவிட்டது. முன்பு கிழமைக்கு ஒருமுறை என்றால் இப்போது தினமும், அதுவும் நெடுநேரம். எனக்கு எரிச்சல் வரும். பத்துப் பதினொரு வயதில் முகத்தை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு ஓடியிருக்கிறேன்.

ஆறு வருடம் கழித்து, சண்டை ஓய்ந்து பாதை திறந்தபோது, அம்மா ஊருக்குப் போக வெளிக்கிட்டார். சூட்கேஸ் கட்டிக்கொண்டே, "அக்கா, அந்த இடத்தைச் சரியாச் சொல்லுங்கோ, நான் கிண்டிப் பாக்கிறன்" என்றார். அப்போதுதான் போத்தல் புதைத்த கதை எனக்கு முழுதாகத் தெரிய வந்தது.

"கோழி கிண்டின இடத்தில என்ன இருக்கப் போகுது" என்றார் பெரியம்மா. "அந்தக் கிழவன் அண்டைக்கே சொல்லிப் போட்டான்."

பதினைந்து வயதில் ஒன்பது வயதுக் குற்றத்தை ஒப்புக்கொள்வது அவ்வளவு சுலபமில்லை. "பெரியம்மா, அது கோழி இல்லை. நான்தான் கிண்டினனான். கரண்டியால. அவர் அப்பிடிச் சொல்லவும் இல்லை" என்றேன். வீட்டுக்காரர் உண்மையில் சொன்னதை, ஆறு வருடம் பிந்தி, ஒரு சொல்லும் விடாமல் மொழிபெயர்த்தேன்.

அடி விழும் என்று நினைத்தேன். பெரியம்மா ஒன்றுதான் கேட்டார்.

"அப்ப, கோழி எவ்வளவு கிண்டிச்சுது?"

"ஒரு சாண். அதுக்கு மேல ஒருநாளும் இல்லை."

அவர் அம்மாவின் பக்கம் திரும்பினார். கூட்டின் வாசலிலிருந்து கிணற்றைப் பார்த்து மூன்று அடி என்றார். பிறகு கையை விரித்து, மற்றக் கையின் நாலு விரலை அதன் பக்கத்தில் வைத்துக் காட்டினார்.

ஊரிலிருந்து திரும்பிய அன்று அம்மா போத்தலைக் கொண்டு வந்து மேசையில் வைத்தார். வீடும் இல்லை, கூடும் இல்லை, கூட்டின் அத்திவாரக் கல்லை வைத்து அளந்ததாகச் சொன்னார். நான் நகையைப் பார்க்கக் காத்துக்கொண்டு நின்றேன். பெரியம்மா மெழுகைச் சுரண்டி, மூடியைத் திருகி, பொலித்தீனில் சுற்றியிருந்த ஒரே ஒரு படத்தை எடுத்தார். வழியில் ஆமி செக் பண்ணினால் உயிருக்கே ஆபத்தான படம். இயக்கச் சீருடையில் ஒரு பையன், இருபது வயதுகூட இராது, பக்கவாட்டில் எங்கோ பார்த்துக்கொண்டு நிற்கிறான். பெரியம்மாவிடம் இருந்த மற்றப் படங்களெல்லாம் வீட்டோடு போய்விட்டன. மிஞ்சியது இது ஒன்றுதான்.

பையனின் மூக்கு என்னுடைய மூக்கு. நெற்றியும் அப்படியே என்னுடையது.

நான் முகம் கழுவிவிட்டேனா என்று பார்க்கிறார் என்றுதான் அவ்வளவு காலமும் நினைத்திருந்தேன்.