இருபத்தொன்பது கதிரைகள்

இன்று ஆறாம் வகுப்பில் காரணிகள் பாடத்தின் நடுவில் பிரதி அதிபர் வந்தார்.

"டீச்சர், வலயக் கல்வி அலுவலகத்திலயிருந்து ஆக்கள் வருகினம். உங்கட கதிரையள் மண்டபத்துக்கு வேணும். பிள்ளைகள் நிலத்தில இருந்து படிக்கட்டும்."

இருபத்தொன்பது பிள்ளைகளும் ஆளுக்கொரு கதிரையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். நானும் பின்னால் போனேன்.

வரிசை எல்லாம் ஒரே அளவாக இருக்கவேண்டும் என்பது அவருடைய கட்டளை. நாலு நாலாக வைத்தார்கள், ஒன்று மிஞ்சியது. ஐந்து ஐந்தாக வைத்தார்கள், ஒன்று குறைந்தது.

"ஒழுங்கா அடுக்கத் தெரியாதோ?"

சம்பூரில் இருந்து வரும் ரஜனி சொன்னாள்: "ஏலாது சேர். இருபத்தொன்பதுக்கு ஒண்டும் இருபத்தொன்பதும்தான் காரணி. ஒரே நீட்டு வரிசையா வைக்கட்டோ?"

பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள்.

"வாய் காட்டுறியோ? முழங்காலில நில்!"

என் பொறுமை அதோடு சரி. "அவள் சரியான விடை சொன்னவள் சேர். அதுக்குத் தண்டனை குடுக்க விடமாட்டன். பிள்ளைகள், அவரவர் கதிரையில இருங்கோ. பாடம் இனி இங்கதான்."

இருந்தார்கள். ரஜனி முன்வரிசையில்.

அதிகாரிகள் வந்தபோது பிள்ளைகள் எழும்பி வணக்கம் சொன்னார்கள். சொல்லிவிட்டுத் திரும்பவும் இருந்தார்கள். நாங்கள் முப்பதின் காரணிகளுக்குப் போனோம். வந்தவர்கள் சுவரோரம் நின்று கேட்டார்கள். பிள்ளைகளை எழுப்ப ஒருவருக்கும் வாய் வரவில்லை.

நாளைக் காலை என்னை அதிபர் அறைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். அங்கே எனக்கு இருக்கக் கதிரை தருவார்களா, மாட்டார்களா? பந்தயம் பிடிக்கிற ஆட்கள் கீழே எழுதுங்கோ.