ஒட்டுக்குக் கீழே வெட்டிய குச்சி

நோரீன் பிக்கெட்டுக்குப் பூஞ்சை மேல் அருவருப்பு கிடையாது. ஃப்ளோரிடாவின் நடுவே, ஆரஞ்சுத் தோப்புகள் நோயில் செத்துக்கொண்டிருக்கும் அந்த ஊரில், பத்தொன்பது வருடமாக ஆய்வகப் புட்டிகளோடு மாரடிக்கிறவள் அவள். குச்சியைத் துண்டு துண்டாக நறுக்கி, சத்துக்கூழில் ஊன்றி, துண்டுக்கு ஒரு செடியாக எழுப்புவது வேலை. கெட்டுப்போன புட்டியைத் திறந்தால் செத்த எலி நாற்றம் அடிக்கும். முகம் சுளிக்காமல் கழுவிவிட்டு, கையோடு சாண்ட்விச் தின்பாள். அவளுக்குக் குமட்டுவதெல்லாம் டாக்டர் ஹூப்ஸைப் பார்த்தால்தான்.

ஹூப்ஸ் ஆய்வகத் தலைவர். வெள்ளைவெளேரென்று சட்டை. பேசும்போதே பல் குத்துவார். குத்திய குச்சியை அவள் மேசையிலேயே வைத்துவிட்டுப் போவார். சீ, என்ன ஜன்மமோ.

ஆர்லிஸ் மக்லெண்டன் கிழவரின் தோப்பில் நானூறு மரம் பட்டுப்போக, ஒரே ஒரு மரம் மட்டும் இனிக்க இனிக்கக் காய்த்தது. ஆனால் நிலத்தை வீடு கட்டுகிறவர்களுக்கு விற்றாகிவிட்டது. அந்த மரத்தின் வாரிசு புட்டியில் பிழைத்தால்தான் உண்டு. குச்சி வெட்ட ஹூப்ஸே போனார். பிப்ரவரி உறைபனியில் மரம் இலையில்லாமல் மொட்டையாக நின்றது. மேலே வெட்ட ஏணி வேண்டும், முள்ளில் சட்டை கிழியும். அடிமரத்தில் முழங்கால் உயரத்துக்கு நெடுநெடுவென்று கிளம்பியிருந்த குச்சிகளை வெட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

ஏழு வாரம் கழித்து, ஒரு திங்கட்கிழமை, நோரீன் புட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். ஒரு காம்பில் மூன்று இலை. ஆரஞ்சுக்கு ஒற்றை இலைதான். மூன்று இலை விடுவது, ஆரஞ்சை ஒட்டுக்கட்ட அடியில் வேராக வைக்கிற ஜாதி. அதன் காயைப் பன்றிகூட மோந்து பார்த்துவிட்டு விலகிப் போகும்.

"டாக்டர், இது வேர்ச்செடி. ஒட்டுக்குக் கீழ வெட்டிட்டீங்க. மரம் இன்னும் நிக்குது, மேல இருந்து வேற குச்சி எடுத்துட்டு வரலாம்."

ஹூப்ஸ் புட்டியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "இளஞ்செடி அப்படித்தான் இருக்கும். வெள்ளிக்கிழமை நன்கொடை குடுத்தவங்க எல்லாரும் வர்றாங்க. நீ கழுவுற வேலையப் பாரு."

அவள் கழுவப் போனாள். ஓய்வு பெற இன்னும் பதினான்கு மாதம் இருந்தது. ஆர்லிஸின் எண் சுவரிலேயே ஒட்டியிருந்தது. இரண்டு தடவை தொலைபேசியை எடுத்தாள், இரண்டு தடவையும் வைத்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை ஆர்லிஸ் கஞ்சி போட்ட சட்டையில் வந்தார். ஹூப்ஸ் நாடா கட்டிய புட்டியை அவர் கையில் கொடுத்து, "பிடிங்க, உங்க மரம்" என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். கிழவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு புட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏன்யா, இது வேர்ச்செடியில்ல? எங்கப்பா இதுல ஆயிரம் ஒட்டுக் கட்டியிருக்காரு."

"இளஞ்செடி அப்படித்தான்..." என்று ஹூப்ஸ் பல்லைக் காட்டினார்.

கிழவர் அவரை விட்டுவிட்டு நோரீன் பக்கம் திரும்பினார். "நீ சொல்லும்மா."

"வேர்ச்செடிதான். இப்பவே ஏணி எடுத்துட்டு வர்றேன் ஐயா, மேல இருந்து வெட்டிடுவோம்."

"எதுல இருந்து வெட்டுவ? நிலத்தக் காலி பண்ணிக் குடுக்கணுமேன்னு புதன்கிழமை மரத்தப் புல்டோசர் விட்டுத் தள்ளிட்டேன். கொளுத்தியும் ஆச்சு. செடி பத்திரமா இருக்குன்னு இந்த மனுஷன்தான் போன்ல சொன்னாரு." அவள் பக்கம் ஓர் அடி வைத்தார். "உனக்கு எப்பத் தெரியும்?"

"திங்கக்கிழமை."

ஆர்லிஸ் கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டார். புட்டியை அவள் கையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். ஹூப்ஸ் விருந்தாளிகளைக் காபி குடிக்க அழைத்துப் போனார்.

சாயங்காலம் அந்தப் புட்டியையும் நோரீன்தான் கழுவினாள். அதில் பூஞ்சை இல்லை, நாற்றமும் இல்லை. பத்தொன்பது வருடத்தில் முதல் தடவையாக, தொட்டியில் குனிந்து வாந்தியெடுத்தாள்.