நான்காவது துப்பாக்கி

எங்கள் வீட்டில் துப்பாக்கிகள் இருந்தன என்று யாரிடமாவது சொல்லும்போது இன்றைக்கும் என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிடுகிறது. அதுவும் ஒன்றல்ல, மூன்று. சில நாட்கள் மட்டும் நான்கு.

நைனா, அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம், அரசுப் பேருந்தில் கண்டக்டர். திருத்தணியிலிருந்து எல்லை தாண்டி நகரி, புத்தூர் என்று ஆந்திரப் பக்கம் போய்வரும் வண்டி. மற்ற கண்டக்டர்கள் அங்கிருந்து மாம்பழமும் மிளகாயும் கொண்டுவருவார்கள். நைனா பழைய கைத்துப்பாக்கி கொண்டுவருவார். குழாயின் வாய் வழியாகக் கருமருந்தைக் கொட்டி, ஈயக் குண்டை இடித்து இறக்கிச் சுட்ட காலத்துத் துப்பாக்கிகள். பாழடைந்த ஜமீன் வீடுகளிலும் பழைய இரும்புக் கடைகளிலும் அவர் கண்ணில் மட்டும் அவை எப்படியோ பட்டன.

அக்காவின் கல்யாணப் போட்டோவுக்கு இடம் கேட்டு அம்மா சண்டை போட்டும், ஷோகேஸின் நடுத்தட்டு துப்பாக்கிகளுக்குத்தான். வீட்டுக்கு வருகிறவர்கள் பயந்தால் நைனா ஒரு ஜெராக்ஸ் காகிதத்தை எடுத்துவருவார். அவர் வண்டியில் தினமும் கோர்ட்டுக்குப் போகும் வக்கீல் ஒருவர் எடுத்துக் கொடுத்த, ஆயுதச் சட்டத்தின் ஒரு பக்கம் அது.

"பழசா புதுசான்றது பேச்சே இல்லீங்க. ரிப்பேர் பண்ணாகூட சுடாதுன்னா, அது சும்மா பொருளு. லைசென்ஸ் வாணாம். சுடும்னா, எரநூறு வருசம் ஆனாலும் அது துப்பாக்கிதான்."

எங்களுடையவை மூன்றும் சும்மா பொருட்கள். ஒன்றின் குழாய் நீளவாக்கில் வெடித்திருந்தது. ஒன்றின் அடிப்பகுதியைத் துரு தின்றிருந்தது. மூன்றாவதற்குக் குழாயே பாதிதான். இதை நானும் மூச்சுவிடாமல் ஒப்பிப்பேன். ஐந்தாம் வகுப்பில் வேறு யார் வீட்டிலும் சட்டம் இல்லை, துப்பாக்கியும் இல்லை.

நான்காவது வந்தபோது வாய்க்காலில் கிடந்த கட்டைபோல இருந்தது. குழாய் முழுக்க மண். இதுவும் செத்ததுதான் என்று நைனா நினைத்தார். இரண்டு வாரம் மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, டியூட்டி முடிந்து வந்ததும் தோட்டத்துப் பக்கம் உட்கார்ந்து பிரஷ்ஷால் தேய்ப்பார். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பேன். ஒருநாள் கைப்பிடியில் பித்தளைச் சிங்கமுகம் ஒன்று வெளியே வந்தது. இன்னொரு நாள் குழாயிலிருந்து மண் கட்டியாக விழுந்தது.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் துப்பாக்கியின் குதிரை அசைந்தது. சிக்கிமுக்கிக் கல்லைப் பல்லில் கடித்தாற்போல வைத்திருந்த சின்ன இரும்புக் கை அது. நைனா அதைப் பின்னால் இழுத்து விசையை அழுத்தினார். டக்கென்று விழுந்து நாலைந்து பொறி பறந்தது. நான் கைதட்டினேன்.

நைனா முகம் நிறையச் சிரித்தார். பிறகு குழாயை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து ஒரு கண்ணால் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். எழுந்தபோது முகத்தில் சிரிப்பு இல்லை.

மறுநாள் அரக்கோணத்திலிருந்து அக்காவும் பாவாவும் வந்தார்கள். அக்காவின் கணவரான பாவா அங்கே வெல்டிங் பட்டறை வைத்திருந்தார். பெரியவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்கள். நான் கதவுக்கு இந்தப் பக்கம்.

"கெணத்துல போட்டுட்டு வந்துடுங்க. கேஸு கீஸுன்னா வேலையே பூடும்" என்றாள் அம்மா.

"தண்ணி வத்துச்சினா எவன் கையில சிக்குமோ. அது சுடும்மே" என்றார் நைனா.

"குழாய்ல ரெண்டு பொட்டு வெல்டு வெச்சி அடைச்சிடறேன் மாமா. ஆயுசுக்கும் சுடாது" என்றார் பாவா.

"எரநூறு வருசமா எப்டியோ தப்பிச்சி வந்துகிது. என் கையில வந்தா சாவணும்?" என்றார் நைனா.

திங்கட்கிழமை காலை நைனா லீவு போட்டார். லீவு போட்டவர் இஸ்திரி போட்ட காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டது எனக்கு வேடிக்கையாக இருந்தது. துப்பாக்கியைத் துண்டில் சுற்றிப் பையில் வைத்தார். "பாப்பாவையும் இட்டுகினு போங்க" என்று அம்மா என் கையை அவர் கையில் கொடுத்தாள். போலீசுக்குத் துப்பாக்கி பற்றவில்லை, நைனாவிடம் கேட்டிருக்கிறார்கள் என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன். ஆடிக்கிருத்திகைக்கு எடுத்த பட்டுப் பாவாடையை உடுத்திக்கொண்டேன். மொட்டைத் தலையில் சந்தனத்தோடு மலையிலிருந்து இறங்கிவந்த கூட்டத்தை விலக்கிக்கொண்டு, தெருவில் பார்த்த தோழிகளிடமெல்லாம், "ஸ்டேஷனுக்குத் துப்பாக்கி குடுக்கப் போறோம்" என்று சொல்லிக்கொண்டே நடந்தேன். நைனா என்னைத் தடுக்கவில்லை.

ஸ்டேஷனில் எழுதிக்கொண்டிருந்த ஏட்டு துண்டைப் பிரித்துப் பார்த்தார்.

"எங்க கெடைச்சிது?"

"என்னுதுதாங்க. மண்ணு பூந்து கெடந்துது, சுடாதுன்னு நெனைச்சி வெச்சிருந்தேன். சுடும் போலகீது. லைசென்ஸ் இல்ல. ஒப்படைக்க வந்தேன்."

ஏட்டு பேனாவை மூடினார். "இத்த பாத்தா சினிமா சாமான் மாதிரிகீது. எதுக்குப்பா வம்ப வெலைக்கு வாங்கற? எடுத்துகினு ஊட்டுக்குப் போ."

போய்விடலாம். வாசல் திறந்துதான் இருந்தது. நைனா நின்ற இடத்திலேயே நின்று, "எழுதிக்குங்க சார்" என்றார்.

அதற்குள் இன்ஸ்பெக்டர் அம்மா வந்துவிட்டார். துப்பாக்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு எதிரே உட்காரச் சொன்னார். ஏட்டு மறுபடி பேனாவைத் திறந்து எழுத ஆரம்பித்தார்.

"சுடும்னு எப்ப தெரிஞ்சுது?"

"முந்தாநேத்து சாயங்காலம்ங்க."

"நேத்து பூரா இருந்துதே. ஏன் வரல?"

நைனா தலையைக் குனிந்துகொண்டார். "விட மனசு வரலீங்க."

இன்ஸ்பெக்டர் என் பட்டுப் பாவாடையைப் பார்த்தார். "நீ எதுக்குமா வந்த?"

இவ்வளவு நேரம் யாரும் என்னிடம் எதையும் கேட்கவில்லையே என்ற ஏக்கம் எனக்கு. எழுந்து நின்று, பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்வதுபோலச் சொன்னேன்: "இது மொதல்ல சுடாது மேடம். எங்க நைனாதான் ரிப்பேர் பண்ணி சுட வெச்சாரு."

ஏட்டின் பேனா நின்றது. நைனாவின் கை என் தோள்மேல் விழுந்தது. வியர்வையில் சில்லென்று இருந்தது. தட்டிக்கொடுக்கிறார் என்று நினைத்து இன்னும் நிமிர்ந்து நின்றேன். இன்ஸ்பெக்டர் நைனாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஏட்டின் பக்கம் திரும்பினார்.

"மண்ண தொடைச்சிப் பாத்ததுல சந்தேகம் வந்து, தானா கொண்டாந்து ஒப்படைச்சாருன்னு எழுதுங்க."

ஒரு ரசீது கொடுத்தார்கள். அதன் பிறகு நைனா மூன்று முறை கூப்பிட்ட இடத்துக்குப் போய்வந்தார். வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை. துப்பாக்கி கோர்ட்டுக்குப் போய், அங்கிருந்து அருங்காட்சியகத்துக்குப் போனதாக ஒரு கடிதம் வந்தது. யார் வந்தாலும் நைனா ஷோகேஸில் இருந்த மூன்றைப் பற்றி ஒரு வார்த்தையும், இல்லாத நான்காவதைப் பற்றி ஒரு மணி நேரமும் பேசினார்.

அந்தத் திங்கட்கிழமை ஸ்டேஷனிலிருந்து வீடு திரும்பியபோது அம்மா தெருமுனையிலேயே நின்றிருந்தாள். கூடத்துக்குள் வந்ததும் நான் ஸ்டேஷனில் என்ன சொன்னேன் என்பதைச் சொன்ன விதத்திலேயே நின்று சொல்லிக் காட்டினேன். அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"என் கைவேலைய இந்த ஊட்ல மெச்சினது இவ ஒருத்திதான்" என்றார் நைனா.

அம்மா அழுதுகொண்டே சிரித்தாள், சிரித்துக்கொண்டே என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பதைவிட, லைசென்ஸ் இல்லாமல் ரிப்பேர் செய்வது பெரிய குற்றம் என்று எனக்குத் தெரியாது. பெண்குழந்தையோடு வந்தவனை உள்ளே தள்ளமாட்டார்கள் என்று நம்பித்தான் அம்மா என்னைக் கூட அனுப்பினாள் என்பதும் தெரியாது. நான் நன்றாகப் பேசிவிட்டேன் என்பது மட்டும் தெரிந்தது. அன்று மாலையே தெருவில் இன்னும் ஆறு வீடுகளில் போய் அதைச் சொல்லிவிட்டு வந்தேன்.