படத்தில் விட்ட இடம்

போன ஞாயிறு மகள் வந்திருந்தாள். பழைய அல்பத்துப் படங்களைக் கைபேசியில் ஏற்றித் தருகிறேன் என்று மேசையில் எல்லாவற்றையும் விரித்து வைத்திருந்தாள். அல்பத்தைத் திறந்ததும் பசையும் பழைய பிளாஸ்டிக்கும் கலந்த அந்த மணம் வந்தது பாருங்கள், நான் ஓல்போர்க் என்ற டேனிஷ் நகரில் நாங்கள் இருந்த மூன்றாம் மாடிக்கே போய்விட்டேன். தேநீரோடு திரும்பி வந்து பார்க்கிறேன், கைபேசியில் என் ஒவ்வொரு படத்திலும் பாதியைக் காணவில்லை.

"என்ன செய்தனி?"

"வெட்டினனான் அப்பா. நீங்கள் எல்லாத்திலயும் ஒரு கரையில நிக்கிறியள். மற்றப் பக்கம் ஒண்டும் இல்லைத்தானே."

ஒன்றும் இல்லையாம். கோப்பையை வைத்த வேகத்தில் தேநீர் மேசையெல்லாம் சிந்தியது.

அந்த மூன்றாம் மாடியில் நாங்கள் நாலு பேர். நாலு பேருக்கும் மீன் தொழிற்சாலையில் வேலை, நாலு பேருக்கும் மனைவி ஊரில். எவ்வளவு குளித்தாலும் போகாத மீன் மணத்தோடு ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு பழைய காரில் கடற்கரைப் பூங்காக்களுக்கும் மலைகளுக்கும் போவோம். மலை என்பது மரியாதைக்குச் சொல்வது. நூற்றைம்பது மீற்றர்கூட வராத ஒரு மேட்டுக்கு இந்த நாட்டவர்கள் வானமலை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அதில் நாங்கள் ஸ்ரூடியோவுக்குப் போவதுபோலக் கோட்டும் கழுத்துப்பட்டியுமாக ஏறினோம். புல்லில் சாய்ந்து பியர் குடித்துக்கொண்டிருந்த டேனிஷ்காரர்கள் எங்களைச் செத்தவீட்டுக்கு வந்தவர்கள் என்று நினைத்திருப்பார்கள்.

இந்தப் பயணங்களுக்கு நான் வைத்த பெயர் குடும்பச் சுற்றுலா. தொழிற்சாலை மேற்பார்வையாளர் சிரித்தார். உனக்குத்தான் இங்கே குடும்பம் இல்லையே என்றார். இருக்கிறது, இன்னும் வந்து சேரவில்லை, அவ்வளவுதான் என்று என் ஓட்டை டேனிஷில் சொன்னேன். அவர் பிறகு சிரிக்கவில்லை.

கமெரா எங்கள் நால்வரில் ஒருவரான மாஸ்டருடையது. ஊரில் கணக்குப் படிப்பித்தவர், இங்கே எங்களோடு மீன் தலை வெட்டினார். ஒரு றோலில் முப்பத்தாறு படம் என்றால் முப்பதைக் கடலுக்கும் மரத்துக்கும் காட்டுப்பூவுக்கும் கொடுத்துவிடுவார். முறையிட்டால், "பூ கண் மூடாது. நீங்கள்தான் மூடிப் பழுதாக்கிறியள்" என்பார்.

நான் நாட்டைவிட்டு வரும்போது மகள் என் மனைவி வசந்தியின் வயிற்றில். பிள்ளை எழுந்து நின்ற நாளிலிருந்து வசந்தி ஒவ்வொரு கடிதத்திலும் அவளுடைய உயரத்துக்கு அளந்து வெட்டிய நூல் ஒன்றை வைத்து அனுப்பினாள். படம் எடுக்கும் முன் நான் அந்த நூலை மண்ணில் முட்டும்படி தொங்கவிட்டுக் காட்டுவேன்.

"மாஸ்டர், பிள்ளை இவ்வளவு உயரம். பக்கத்தில வசந்தி. ரெண்டு பேருக்கும் இடம் விடுங்கோ."

அவர் கமெராவை ஒரு பக்கம் தள்ளிப் பிடிப்பார். ஊருக்குப் போன முதல் படத்தைப் பார்த்துவிட்டு என் மாமியார், "பக்கத்தில நிண்டவளை எங்கை ஒளிச்சுப்போட்டார்?" என்று கேட்டாராம். வசந்தி நூலைக் காட்டிச் சமாதானம் செய்ய வேண்டியிருந்தது.

வேறு நாட்டுக்காரரின் குடும்பங்கள் வந்து இறங்கிக்கொண்டிருந்தன. எங்களுக்கு மட்டும், குடும்பத்தை அழைக்கப் போட்ட விண்ணப்பத்தைப் பற்றிக் கேட்கும் போதெல்லாம், பரிசீலனையில் இருக்கிறது என்ற ஒரே வரி. ஊரில் ஷெல் விழுந்துகொண்டிருந்தது. நூல் நீண்டுகொண்டே வந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. மேற்குக் கரையில், வெளிச்சவீட்டுக்குக் கிட்ட, கடலோர மண்மேட்டின் விளிம்பில் எடுத்த படத்துக்கு இரண்டு பிரதி போட்டேன். ஒன்று வசந்திக்கு. மற்றதன் பின்னால், இது என் மனைவியும் மகளும் நிற்கவேண்டிய இடம் என்று டேனிஷில் எழுதி, விண்ணப்ப இலக்கத்தையும் போட்டுக் கொப்பன்ஹேகனில் விண்ணப்பங்களைப் பார்க்கும் கந்தோருக்கு அனுப்ப உறை ஒட்டினேன்.

"தம்பி, விசர் வேலை பாக்காதை. கோவம் வந்தா உன்ரை பேப்பரை அடியில வச்சிடுவாங்கள்" என்றார் மாஸ்டர்.

"இப்ப மட்டும் மேலயே கிடக்குது, மாஸ்டர்?"

பயம் இல்லாமல் இல்லை. ஆனாலும் உறையைத் தபால்பெட்டிக்குள் போட்டேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு சுற்றுலாவிலிருந்தும் ஒரு படம் போனது. பதில் ஒன்றுகூட வரவில்லை. எங்கள் கோப்புகள் மேலிடத்தில் வேண்டுமென்றே நிறுத்தி வைக்கப்பட்டிருந்தன, அது சட்டத்துக்கு மாறு என்பதெல்லாம் பிறகு நாடறிய வெளிவந்தது. ஓர் அரசாங்கமே அதனால் போனது. என் படங்கள் எதையும் கவிழ்க்கவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தக் கந்தோரில் உறையைப் பிரித்த யாரோ ஒருவர் அந்த இடத்தைப் பார்த்திருக்க வேண்டும். எனக்கு அது போதும்.

அவர்கள் வந்து சேர்ந்தபோது மகளுக்கு நாலு வயது. முதல் ஞாயிறே அந்த மண்மேட்டுக்குக் கூட்டிப்போனேன். கடைசி நூலை வைத்துப் பார்த்தால் மூன்று விரல் கூட வளர்ந்திருந்தாள். இதிலே நில்லுங்கோ என்றேன்.

"அந்த மாமாவுக்குப் பக்கத்தில நான் நிக்கமாட்டன்" என்று தாயிடம் சொல்லிவிட்டுக் காருக்குள் ஓடி ஏறிக்கொண்டாள்.

அந்த மாமா நான்தான். மாஸ்டர் கமெராவை இறக்கிவிட்டார். வசந்தி அழுதாள். எனக்கும் அழுகை வந்தது, ஆனால் இத்தனை வருடம் பிடித்த பிடியை அன்றைக்கு விட நான் தயாராயில்லை.

"எடுங்கோ மாஸ்டர். பிள்ளைக்கு இடம் விட்டு எடுங்கோ."

அந்தப் படத்தையும்தான் போன ஞாயிறு வெட்டியிருந்தாள். நான் கதையைச் சொல்லி முடித்ததும் கைபேசியைக் கையில் எடுத்தாள். பிறகு "உன்ஸ்கூல், அப்பா" என்றாள். மன்னிப்பு என்றால் அவளுக்கு டேனிஷ்தான் வரும். விரலால் ஒவ்வொரு படமாகத் தள்ள, வெட்டிய கடலும் புல்லும் வானமும் திரும்பி வந்தன.

மாஸ்டர் இப்போது இல்லை. தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். அந்த மண்மேட்டையும் கடல் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது. நாங்கள் நின்ற விளிம்பு சரிந்து எப்போதோ தண்ணீருக்குள் போய்விட்டது. மகளுக்கு விட்ட இடம் இனி அந்தப் படங்களில் மட்டும்தான் இருக்கிறது. அதை வெட்ட எவரையும் விடமாட்டேன், அவளையும்தான்.